சாச்சியும் நானும் வெட்டிய வர்ணக் கண்ணாடி

கண்ணாடி சரியாக வெட்டுப்படும்போது ஒரு சத்தம் வரும். உங்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பீர்களோ தெரியாது. என்னோடு ஓதப் போனவர்கள், களப்பில் முழங்கால் தண்ணீரில் என்னோடு இறால் தேடியவர்கள், இப்போது என்னைப்போலவே படியேறும்போது கைபிடியைத் தேடுகிறவர்கள், நீங்கள் எல்லோரும் நம் பள்ளிவாசலின் பெரிய கதவுக்கு மேலே இருக்கும் அந்த வர்ண ஜன்னலைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் கீழேதான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினீர்கள். கொழும்பிலிருந்து கொண்டுவந்தது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் அதை ஒல்லாந்தர் காலத்தது என்றுகூடச் சொன்னார். சோற்றுக் கையோடு சிரித்துப் புரையேறிவிட்டது எனக்கு.

அது எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் செய்தது. அதில் நானும் ஒரு கை.

எனக்கு அப்போது பத்து வயது. கற்பிட்டிப் பக்கம், எத்தாளையையும் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடந்த நம் ஊருக்கு, என் சாச்சி குவைத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். உம்மாவின் ஒரே தங்கச்சி. கலியாணம் ஆகவில்லை. அங்கே ஒரு லெபனான்காரியின் வீட்டில் வேலை செய்தவர்.

பெட்டி திறந்த நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். பாதி ஊர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. எனக்கு ஒரு மினுங்கல் சட்டை, வாப்பாவுக்கு அத்தர், உம்மாவுக்கு ரோசாப்பூப் போட்ட கம்பளி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி. அதைத் தூக்க சாச்சிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சாச்சி மூடியைத் திறந்தார். உள்ளே பென்சில்போல ஒரு கோல், அதன் நுனியில் கடுகளவு சக்கரம். இரண்டு குறடு. நாடா சுற்றினமாதிரி மூன்று செப்புத் தாள் சுருள். ஈயக்கம்பிக் கட்டு. மின்சாரத்தில் சூடாகும் ஒரு கோல். அப்போது நம் பக்கத்தில் மின்சாரம் பஸ் நிற்கும் சந்தியோடு நின்றுவிட்டிருந்தது.

"இது என்ன புள்ள?" என்றார் உம்மா.

"கண்ணாடி வெட்டுற சாமான், ராத்தா."

"கண்ணாடி வெட்டவா நீ அங்க போன?"

"நான் வெட்டல்ல. அந்த வீட்டுக்காரி வெட்டுவா. வர்ணக் கண்ணாடியத் துண்டுதுண்டா வெட்டி, ஒட்டி, ஜன்னலுக்குப் போடுவா. நான் கீழ விழுற தூளக் கூட்டி அள்ளுவன். வரக்குள்ள, உனக்கு என்ன வேணும் கேளு எண்டா. நான் இதக் கேட்டன்."

முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றப் பெண்கள் வளையல் கேட்டு வாங்கி வந்த காலம் அது. உம்மா பெட்டியை மூடி, அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "உனக்கு இது செய்யத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. ரெண்டு வருஷமாப் பாத்திருக்கன். தொட விடல்ல."

பெருநாள் கழிந்ததும் சாச்சி திரும்பவும் குவைத்துக்குப் போவார் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவர் அனுப்பிய காசில் கூரையில் பாதிக்கு ஓடு வந்திருந்தது, பாதி இன்னும் தென்னோலைக் கிடுகு. அவருடைய பாஸ்போட்டை உம்மா அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். சாச்சியிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் முடிவு செய்வார்கள் என்று நினைத்தேன். இப்போதுதான், சாச்சியின் அந்த வயதை என் மகளே தாண்டிவிட்ட பிறகு, இரவில் சாப்பிட்டுக் கை கழுவும்போது சில சமயம் அது என் நெஞ்சில் குத்துகிறது.

ஆனால் இது குத்தும் கதை அல்ல. கேளுங்கள்.

அடுத்த நாள் காலை உம்மா கிணற்றடிக்குப் போனதும் சாச்சி அந்தப் பெட்டியை வெளியே எடுத்தார். உடைந்த படச் சட்டம் ஒன்றின் கண்ணாடியைப் பலகைமேல் வைத்தார். ஒரு போத்தல் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்தை அதில் தோய்த்தார். கோலைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம், பல் கூசியது. கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து முறித்தார். அது கோட்டை மதிக்காமல் தன்பாட்டில் மூலைக்குப் போய் உடைந்தது.

"இப்பிடித்தான் செஞ்சா. இதே மாதிரித்தான் பிடிச்சா," என்றார்.

இன்னொன்று. அதுவும் அப்படியே. இன்னும் பலமாக அழுத்தினார். மூன்றாவது துண்டு கையிலேயே நொறுங்கியது. பெருவிரலில் பழஞ்சீலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினார். ஒரே கோட்டில் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், இன்னும் மோசம். நாலு நாள் இப்படியே போனது. காலில் குத்தும் என்று உம்மா பின்பக்கக் கதவையே பூட்டிவிட்டார். நாங்கள் கோழிக்கூட்டைச் சுற்றிப் போனோம்.

ஐந்தாம் நாள் நான் கேட்டேன், "சாச்சி, நான் ஒருதரம் இழுக்கவா?"

அவர் களைத்துப்போயிருந்தார். கோலை என் கையில் தந்தார். எனக்கு அழுத்தப் பலம் இல்லை. ஆகவே சும்மா, எழுதுவதுபோல, மேலிருந்து கீழே இழுத்தேன். பட்டுத் துணியை மெல்லக் கிழிப்பதுபோல ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. நிறுத்தாமல், ஒரே சீராக, தொடக்கத்திலிருந்து முடிவுவரை.

சாச்சியின் தலை சடாரென்று நிமிர்ந்தது.

"இந்தச் சத்தந்தான்! அந்த வீட்டுல கேட்டது இந்தச் சத்தந்தான் புள்ள! அவ அழுத்தவே இல்ல! நான் கைய மட்டும் பாத்தன், காதால கேக்கல்ல!"

கோட்டின் இரு பக்கமும் பிடித்து முறித்தார். டிக். நூல் பிடித்தமாதிரி நேராக இரண்டு துண்டு. நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. உம்மா யாருக்கோ கை போய்விட்டது என்று நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தார்.

அதன் பிறகு எங்களுக்குப் பசியும் தெரியவில்லை, வெயிலும் தெரியவில்லை. கிடைத்ததை எல்லாம் வெட்டினோம். ஒரு கோட்டில் ஒரே தரம்தான் சக்கரம் ஓட வேண்டும், திரும்ப ஓடினால் கண்ணாடி கோபிக்கும் என்று கண்டுபிடித்தோம். போத்தலை வெட்டி ஜன்னல் செய்யலாம் என்ற என் யோசனை ஒரு முழுநாளை விழுங்கியது. வளைந்த கண்ணாடி எந்தப் பலகையிலும் படுக்காது. நேர்க்கோட்டுக்குப் பிறகு வளைவு. வளைவுக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டால் கடித்தெடுக்க வேண்டும், எலி ரொட்டியைக் கடிப்பதுபோல. வாப்பாவின் கத்தி தீட்டும் கல்லில் தண்ணீர் விட்டு ஓரத்தைத் தேய்த்தால் கை அறுக்காது. சொல்லித்தர ஆள் இல்லை. பிழைதான் சொல்லித் தந்தது. ஒவ்வொரு பிழைக்கும் நாங்கள் மறுநாள் ஒரு மறுமொழி வைத்திருந்தோம்.

சித்திரை மாதத்து மழை ஒன்று பின்னேரத்தில் இடியோடு வந்தது. காற்று பள்ளியின் கதவை அடித்த அடியில் மேலே இருந்த அரைவட்ட ஜன்னல் அப்படியே கொட்டுண்டது. பழைய கண்ணாடி, அகலமாக ஏழு துண்டு சேர்த்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மழை விட்டதும் ஓடிப்போனேன். மோதினார், அதாவது பாங்கு சொல்லுகிறவர், வாசலில் விளக்குமாறோடு நின்றார். படியெல்லாம் நிறம் நிறமாகக் கிடந்தது. எனக்குக் கவலையே வரவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். வாயில் எச்சில்தான் ஊறியது.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா செய்தியோடு வந்தார். வாப்பா கடலுக்குப் போகிறவர். அதிகம் கதைக்க மாட்டார்.

"மரைக்கார் அந்த இடத்துக்குக் கல்லு வச்சுப் பூசச் சொல்லிட்டார்," என்றார் சாப்பிட உட்கார்ந்தபடி. மரைக்கார் பள்ளி நிர்வாகத்துக்குத் தலைவர். இடுப்பில் சாவிக்கொத்துக் கிலுங்க அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அவர் ஒன்றைச் சொன்னால் அதுதான்.

சாச்சி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "மச்சான், நான் செஞ்சு தாறன் எண்டு சொல்லுங்க."

உம்மா சிரித்துவிட்டார். "கோழிக்கூட்டுக்கு ஒரு ஜன்னல் செஞ்சியா இன்னும்? பள்ளிக்காம்!"

"கல்லு வச்சா இருட்டாப் போயிடும், ராத்தா."

"உனக்கென்ன இருட்டு? நீ உள்ள போறதா?"

அது உண்மைதான். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்குள் போகிறதில்லை. ஓதப் போகும் வயதுப் பிள்ளை என்பதால் நான் போகலாம். சாச்சி போக முடியாது. தான் உள்ளிருந்து பார்க்கவே போகாத ஒரு ஜன்னலைத்தான் அவர் கேட்டார். அது எனக்கு அப்போது புரிந்ததா என்று கேட்டால், இல்லை. பச்சைக் கண்ணாடி கிடைக்கும் என்ற ஒரே எண்ணம்தான்.

வாப்பா கை கழுவிக்கொண்டு எழுந்தார். ஆனால் அடுத்த நாள் போய்க் கேட்டிருக்கிறார். மரைக்கார் என்ன சொன்னார் என்பதை மோதினாரிடமிருந்து பிறகு அறிந்தேன். "தம்பி, விளையாட்டுக்கும் ஒரு இடம் வேணும்" என்றாராம். வாப்பா போகாமல் நின்றுகொண்டே இருந்தாராம். கடைசியில் மரைக்கார், "தலை நோன்புக்கு முந்தி கதவுக்கு மேல ஏறோணும். காத்துக்கு நிக்கோணும். விழுந்தா உன்னத்தான் கேப்பன்," என்றாராம்.

தலை நோன்புக்கு, அதாவது முதல் நோன்புக்கு, இருபத்தாறு நாள் இருந்தது.

உடைந்த துண்டெல்லாம் ஒரு சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தன. அளவெடுக்கப் போனது நான். மோதினார் ஏணியைப் பிடிக்க, நான் ஏறி, கோதுமை மாப் பசையால் ஒட்டிய செய்தித்தாள்களை அந்த அரைவட்டத்தின்மேல் விரித்து, விளிம்பில் கரித்துண்டால் தேய்த்தேன். மரச்சட்டத்தின் விளிம்பு கறுப்பாகக் காகிதத்தில் விழுந்தது. கீழே இறங்கும்போது மோதினார், "விழுந்திட மாட்டாதே மகள்?" என்றார். ஏணியைச் சொல்கிறாரா ஜன்னலைச் சொல்கிறாரா என்று தெரியாமல், "மாட்டாது" என்றேன்.

சாச்சி சீமெந்துப் பையைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் வரைந்தார். நடுவில் கீழே ஒரு சிறிய அரைவட்டம். அதிலிருந்து கதிர்கள் விரிந்து, ஒன்றுக்கொன்று பின்னி, நட்சத்திரமாகி, வெளி வரிசையில் அலைபோல முடியும். ஏழு துண்டு இருந்த இடத்தில் அறுபத்து மூன்று துண்டு. உடைந்த கண்ணாடியில் பெரிய துண்டு எடுக்க முடியாது. சிறியதாக்கித்தானே ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, காகிதத்தை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வெட்டினோம். நேர் வெட்டு என்னுடையது. வளைவு சாச்சியுடையது. எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் ஒருவரோடும் நின்று கதைக்கவில்லை. உங்களில் சிலர் அப்போது என்னோடு கோபித்தது ஞாபகம் இருக்கிறது.

பச்சை போதவில்லை. நாலு துண்டு குறைந்தது. சாச்சி சாக்கைத் திரும்பத் திரும்பக் கொட்டிப் பார்த்தார். அடுத்த நாள் காலை எங்கள் பலகைமேல் ஒரு தட்டைப் பச்சைக் கண்ணாடி இருந்தது. வாப்பாவின் பழைய வள்ளத்தின் பக்க விளக்கிலிருந்து கழற்றியது. அவர் அதற்குள் கடலுக்குப் போயிருந்தார்.

வெட்டிய துண்டைக் கழுவி, துடைத்து, ஓரம் முழுக்கச் செப்புத் தாள் நாடாவைச் சுற்ற வேண்டும். அதன் ஒரு பக்கம் ஒட்டும். சுற்றிய துண்டுகளை இலக்கப்படி அடுக்கி, செப்பும் செப்பும் சேரும் இடத்தில் ஈயத்தை உருக்கி ஓட விட்டால், எல்லாம் ஒன்றாகிவிடும். மின்சாரக் கோல் எங்களுக்கு வெறும் இரும்பு. கற்பிட்டியில் வாளியும் விளக்கும் செய்த தகர வேலைக்காரர் ஒருவர் தன் பழைய கோலை வாப்பாவுக்கு இரவல் கொடுத்தார். கனமான செப்பு மூக்கு. சிரட்டைக் கரியில் வைத்துச் சுட வேண்டும். அழுக்குப் போக நவச்சாரக் கட்டியில் அதைத் தேய்த்தால் வெள்ளைப் புகை கிளம்பி மூக்கில் ஏறும். சாச்சி கோலை ஈயக்கம்பியில் வைத்தார். கம்பி ஒரு கணம் யோசித்தது. பிறகு சட்டென்று உருகி, வெள்ளி நிறத்தில் மினுங்கிக்கொண்டு, செப்பின்மேல் தானாக ஓடியது.

"ஓடுது! ஓடுது!" என்றேன்.

"மூச்சு விடாத," என்றார் சாச்சி. அவரும் விடவில்லை.

முதல் நாலு துண்டு ஒன்றாகின. அதைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தோம். சாச்சியின் கன்னத்தில் சிவப்பும் கழுத்தில் மஞ்சளும் விழுந்தன. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற உம்மா மிளகாய் காய வைக்கப் போய்விட்டார்.

தலை நோன்புக்கு ஆறு நாள் இருக்கும்போது செப்புத் தாள் முடிந்தது.

நாற்பத்திரண்டு துண்டுக்குச் சுற்றியிருந்தோம். வெளி வரிசை இருபத்தொன்றும் வெறுமையாகக் கிடந்தன. தொடக்கத்தில் பழகும்போது வீணாக்கியது எவ்வளவு என்று அப்போதுதான் விளங்கியது. கொழும்பில்கூட அப்படியொன்று எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சாச்சி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசவில்லை.

"மச்சானப் போய்ச் சொல்லச் சொல்றன். கல்ல வைக்கட்டும். யாருக்கும் தெரியாத வேலதானே, ஏலாட்டி ஏலாது," என்றார்.

"பாஸ்போட் எங்க இரிக்கி ராத்தா?" என்று கேட்டார் சாச்சி. ஏன் கேட்டார் என்று எனக்கு விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து ஓடினேன்.

ஓடிய இடம் கடற்கரை. வாப்பா மீன் வாடியின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். வலை ஈயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சின்னத் தகடு, நடுவில் மடித்து, கயிற்றை உள்ளே வைத்து, கட்டையால் இரண்டு தட்டு. கயிற்றைச் சுற்றி வாயை மூடிக்கொள்ளும். பிறகு எந்தக் கடலும் அதைக் கழற்றாது.

நான் அதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வந்தவள். அன்றுதான் கண்டேன்.

"வாப்பா! கயித்துக்குப் பதிலாக் கண்ணாடி வச்சா?"

கட்டை வாப்பாவின் கையில் நின்றது. அவர் ஒரு தகட்டை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார். பிறகு அந்த ஈயப் பையை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தார். "தூக்கமாட்ட, கனம். இரு, நானும் வாறன்," என்றார். என் வாப்பா பகலில் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆனால் வலைத்தகடு கண்ணாடிக்குத் தடிப்பு. மெல்லிசாக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் மேடும் பள்ளமுமாக வந்தது. சாச்சி அடித்தார், வாப்பா அடித்தார், நான் அடித்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற உம்மா, "தள்ளுங்க எல்லாரும்," என்றார். ஈயத்தை அம்மியில் போட்டார். குழவியை எடுத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து, ஒரு உருட்டு உருட்டினார். தகடு முன்னால் நீண்டது. திருப்பிப் போட்டு இன்னொரு உருட்டு. பாக்கு வெட்டும் வேகத்தில், வெற்றிலைத் தடிப்பில், ரிபன்போல நீண்டு வந்தது.

"இவ்வளவுதானா வேணும்?" என்றார் உம்மா, மூச்சு வாங்க. அவருடைய முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பெருநாளிலும் கண்டதில்லை.

அந்த அம்மியில் பிறகு பல வருஷம் நாங்கள் மிளகாய் அரைத்தோம். ஈயம் பட்ட கையோடு பாணைப் பிய்த்துத் தின்றோம், கரியடுப்பில் எழுந்த புகையை முகர்ந்தோம். ஈயம் நஞ்சு என்று ஒரு பெரியவருக்கும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. என் பேத்தி போன வருஷம் தானும் வர்ணக் கண்ணாடி பழக ஆசைப்பட்டபோது, கையுறையும் முகமூடியும் போடாமல் ஈயத்தைத் தொடவிடவில்லை. அவள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றாள். பரவாயில்லை.

ஈயத் தகட்டால் சுற்றிய துண்டுகளைப் பற்றவைக்கப் போனதும் இன்னொரு பாடம் காத்திருந்தது. கோல் அதிகமாகச் சுட்டிருந்தால் தகடே உருகிச் சொட்டியது. இரண்டு துண்டு அப்படிப் போயின. பிறகு கோலைக் கரியிலிருந்து எடுத்ததும் நான் பத்துவரை எண்ணுவேன், பத்தில் சாச்சி வைப்பார். ஒன்பதில் வைத்தால் உருகும், பன்னிரண்டில் வைத்தால் ஒட்டாது. எண்ணி எண்ணி என் தொண்டை கட்டிவிட்டது. ஐந்து நாள் வாப்பா கடலுக்குப் போகாமல் கரிக்கு விசிறினார்.

தலை நோன்புக்கு முதல் நாள் காலை, வாப்பாவும் அவரோடு தொழில் செய்யும் இருவரும் அதை மெத்தைமேல் வைத்துப் பலகையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. மணல் கண்ணில் அடித்தது. சாச்சி வேலி மூலைவரை வந்து நின்றுகொண்டார். நான் முன்னால் ஓடினேன். மரைக்கார் வாசலில் நின்றார். ஜன்னல் மேலே ஏறியது. வாப்பா இரண்டு இரும்புக் கம்பியைச் சட்டத்துக்குக் குறுக்கே கொடுத்து, செப்புக் கம்பியால் ஜன்னலை அவற்றோடு முடிந்தார். மரைக்கார் தானே ஏணியில் ஏறினார். பெருவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். இன்னோர் இடத்தில் அழுத்தினார். இறங்கினார். "காத்து பாக்கட்டும்," என்றார். அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்க மேகம். கண்ணாடி கறுப்பாகத்தான் தெரிந்தது. வெளியே நின்று பார்த்தவர்கள், "இதுக்கா இவ்வளவு?" என்றார்கள். இரவு சோளகம் தென்னைகளைப் போட்டு உலுப்பியது. கூரையில் ஒரு கிடுகு பறந்துபோனபோது எல்லோரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தோம்.

முதல் நோன்பு விடிந்து, வெயில் வேலிக்கு மேலே வந்த நேரம், தெருவில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. உம்மாவின் முகம் வெளுத்தது. வாப்பா எழுந்து சட்டையைப் போட்டார். மரைக்கார் வேலிப் படலையில் நின்றார். மூச்சு வாங்கியது.

"விழுந்திட்டா?" என்றார் வாப்பா.

மரைக்கார் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தப் புள்ள எங்க?" என்றார்.

சாச்சி தலையைப் போர்த்திக்கொண்டு வந்து கதவடியில் நின்றார்.

"மோதினார் என்னக் கூப்பிட்டுக் காட்டினார், மகள். மேற்குச் சுவர் முழுக்க... நான் அறுபத்தெட்டு வருஷமா அந்தப் பள்ளிக்குப் போறன்." தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆம்புளைகள் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டன். வெயில் ஏற முந்தி வந்து பாருங்க. நீங்களும் வாங்க தங்கச்சி," என்றார் உம்மாவைப் பார்த்து.

சாச்சி குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தப் பெருநாளுக்குப் பிறகு உம்மா பாஸ்போட்டைப் பூட்டிலிருந்து எடுத்து சாச்சியின் கையிலேயே கொடுத்துவிட்டார், இனி அது உன் பாடு என்று. சாச்சி புத்தளம்வரை வீட்டு வாசல்களுக்கு வர்ணக் கண்ணாடி செய்தார். கலியாணம் செய்து, மூன்று பிள்ளை பெற்று, கண்ணில் படலம் விழும்வரை செய்தார். போன வருஷம் சத்திரசிகிச்சை செய்து, இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார். ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரியது அந்தக் காலைதான்.

கால் கழுவி, நாங்கள் மூன்று பேரும் வாசற்படியைத் தாண்டினோம். வெறும் வெள்ளைச் சுவராக நான் அறிந்த இடம் முழுக்க நிறம். நட்சத்திரங்கள் பாயில் நீண்டு கிடந்தன. காற்றில் தென்னோலை அசைய, நிறமெல்லாம் தண்ணீர்போல அசைந்தது. உம்மா பச்சை விழுந்த இடத்தில் நின்று கையை நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார்.

சாச்சி அழவில்லை. கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, மேலே ஜன்னலைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"அந்தா பாரு," என்றார் என்னிடம் மெதுவாக. "பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு. வெளிச்சம் ஒழுகுது. சரியா மூடல்ல."

"ஓம், சாச்சி."

"பன்னண்டுல வச்சிருப்பம்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. திரும்பி, பள்ளியின் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நீளமான ஒரு ஜன்னல், சாதாரண வெள்ளைக் கண்ணாடி போட்டது. அவருடைய முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகமாக மாறியது.

"மரைக்கார்," என்று வெளியே நின்றவருக்குக் கேட்கக் குரல் கொடுத்தார். "இந்த ரெண்டு ஜன்னலும் சும்மாத்தானே இரிக்கி?"

வெளியே சாவிக்கொத்து ஒருமுறை கிலுங்கியது.

"நோன்பு முடியட்டும், மகள்."

"நோன்புக்குள்ளயே முடிச்சுத் தாறம்," என்றார் சாச்சி.

நான் அதற்குள் முதல் ஜன்னலின் கீழே நின்று சாண் போட்டு அளக்கத் தொடங்கியிருந்தேன்.